அத்தைக்கு என்ன நோய்?

விழுப்புரம் வட்டாரத்துப் பனமலையை நம் வாசகர்களில் பலர் அறிவர். ஏரியைப் பார்த்து நிற்கும் குன்று. அதன் மேல், பல்லவ மன்னன் இராசசிம்மன் ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில். அந்த இராசசிம்மன் காஞ்சிபுரத்தில் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலில் தன் குலமுறையைக் கல்லிலே வெட்டி வைத்தான். இன்னார்க்குப் பின் இன்னார் என்று முன்னோர் வரிசை அங்கே நீண்டு செல்கிறது. நமது மத்தேயு நற்செய்தியும் ஒரு தலைமுறை அட்டவணையோடுதானே தொடங்குகிறது?

முன்னோரை நினைவில் வைத்துப் போற்றுவது மனிதனின் பழைய வழக்கம். ஆனால், ஒரு செய்தியை மட்டும் நாம் எழுதி வைப்பதில்லை. நம் முன்னோர் எந்த நோயால், எந்த வயதில் மறைந்தார்கள் என்பதே அது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், "ஏதோ வயிற்றுக் கட்டி" என்பார்கள். "மகோதரம் வந்து போனாள்" என்பார்கள். "மார்பிலே ஆறாத புண் இருந்தது" என்பார்கள். புற்றுநோய் என்னும் சொல்லை வாயால் சொல்லவே அஞ்சி, "அந்த வியாதி" என்று குரலைத் தாழ்த்திக் கூறுவோரும் உண்டு. பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று வாயை இறுக மூடிக்கொள்கிறோம்.

இந்த மௌனத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? சில குடும்பங்களில் அந்த விலை ஓர் உயிராக இருக்கக்கூடும். அதை விளக்கவே இக்கட்டுரை.

ஒரு குடும்பத்தின் கதை

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தை நாமே அமைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். பனமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும், நிலத்தை நம்பிய கத்தோலிக்கக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அவ்வீட்டுத் தலைவிக்கு வயது 41. மூன்று பிள்ளைகளின் தாய். மூத்த மகளுக்கு 20 வயது. ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. சென்னைக்குச் செல்கிறார். புற்றுநோய் என்று தெரியவருகிறது. அறுவை சிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் நடைபெறுகின்றன. பெரிய மருத்துவர், "நீங்கள் ஒருமுறை மரபியல் ஆலோசகரையும் பாருங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்.

ஆலோசகரின் அறையில் மருந்து நெடி இல்லை, ஊசி இல்லை. ஒரு மேசை, ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா. எதிரே பரிவோடு கேட்கும் ஒரு பெண்மணி.

"அம்மா, உங்கள் தாய் வீட்டில் யாருக்காவது புற்றுநோய் வந்ததுண்டா?"

"இல்லையம்மா. என் அம்மாவுக்கு 66 வயது. நன்றாகத்தான் இருக்கிறார்கள். பெரியம்மா, சித்தி எல்லோரும் சுகம்."

"தந்தை வழியில்?"

"அப்பாவுக்கு ஒரு நோயும் கிடையாது. இன்றும் கழனிக்குப் போய் வருகிறார்."

"அப்பாவோடு பிறந்தவர்கள்?"

"ஓர் அத்தை இருந்தார்கள். மகோதரம் வந்து போய்விட்டார்கள். வயிறு நீர் கோத்துப் பெரிதாகிவிட்டது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்."

"அத்தைக்கு அப்போது என்ன வயது இருக்கும்?"

"தெரியாதம்மா. ஊருக்குப் போய்க் கேட்டு வருகிறேன்."

ஊருக்குத் திரும்பியவர் தந்தையைக் கேட்கிறார். முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உன் அத்தைக்கு மட்டுமா? என்னைப் பெற்றவளும் மார்பில் புண் வந்துதான் போனாள். எனக்கு அப்போது பத்து வயது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்" என்கிறார். வயது யாருக்கும் நினைவில்லை. பங்குக் கோவிலில் கேட்கிறார்கள். இறந்தோர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, பாட்டி இறந்தது 43 வயதில், அத்தை இறந்தது 47 வயதில் என்று எழுதியிருக்கிறது.

அடுத்த முறை ஆலோசகர் அந்தத் தாளில் படம் வரைகிறார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுற்றவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. மூன்று தலைமுறை அந்தத் தாளில் அடங்குகிறது. பாட்டி, அத்தை, தான் என்று மூன்று கறுப்பு வட்டங்கள். அவற்றை இணைத்து நிற்பது, நோயே காணாத தந்தையின் வெள்ளைச் சதுரம். இதுவரை "வெவ்வேறு வியாதிகள்" என்று எண்ணப்பட்டவை ஒரே கொடியில் காய்த்தவையாக இருக்கலாம் என்பது அப்போதுதான் புலனாகிறது.

நோய் இறங்கி வரும் வழி

இங்கே ஒரு தவறான எண்ணத்தை முதலிலேயே களைய வேண்டும். புற்றுநோய் எல்லாம் பரம்பரை நோய் அன்று. நூறு புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 5 முதல் 10 பேருக்கே அது பெற்றோரிடமிருந்து இறங்கிய மரபணுக் கோளாற்றால் வருகிறது. புகையிலையும் வெற்றிலைச் சீவலோடு மெல்லும் புகையிலையும் வாய்ப்புற்றைத் தருகின்றன. கருப்பை வாயில் வரும் புற்றுக்குப் பெரும்பாலும் ஒரு வைரஸ் கிருமியே காரணம். அதற்குத் தடுப்பூசியும் எளிய பரிசோதனையும் உண்டு. ஆகவே, வீட்டில் ஒருவருக்குப் புற்று வந்தால் அனைவருக்கும் வரும் என்று நடுங்க வேண்டியதில்லை. ஆலோசகரைக் காணச் செல்வோரில் பலர், "உங்களுக்கு மற்றவர்களைவிட மிகுந்த ஆபத்து இல்லை" என்ற ஆறுதலோடு திரும்புவதும் உண்டு.

எஞ்சிய அந்தச் சிலரின் நிலை என்ன? நம் உடலின் ஒவ்வோர் அணுவிலும் ஜீன்கள் எனப்படும் மரபணுக்கள் உள்ளன. அவை இரட்டை இரட்டையாக இருக்கின்றன. ஒன்று தந்தை தந்தது. மற்றது தாய் தந்தது. அவற்றுள் சில மரபணுக்கள் காவற்காரரைப் போன்றவை. அணுவில் ஏற்படும் பழுதுகளைச் செப்பனிட்டு, அது கட்டுக்கடங்காமல் பெருகாதபடி காக்கின்றன. இரு காவலரில் ஒருவர் பிறப்பிலேயே முடமாக இருந்தால் உடனே கேடு நேராது. மற்றவர் பணியைப் பார்த்துக்கொள்வார். வாழ்நாளில் என்றேனும் அந்த இரண்டாவது காவலரும் ஏதோ ஓர் அணுவில் வீழ்ந்தால், அங்கே புற்று தொடங்கும். விழித்திரையில் குழந்தைகளுக்கு வரும் புற்றை ஆராய்ந்து இந்த 'இரண்டு அடி' விளக்கத்தை 1971-ஆம் ஆண்டில் வழங்கியவர் ஆல்பிரட் நட்சன் என்னும் அமெரிக்க மருத்துவர். பரம்பரைப் புற்று ஏன் இளவயதிலேயே வருகிறது என்பதற்கும் இதுவே விடை. அவர்களுக்கு முதல் அடி பிறக்கும்போதே விழுந்துவிடுகிறது.

பழுதான பிரதி பிள்ளைக்குச் செல்லுமா, நல்ல பிரதி செல்லுமா என்பது நாணயத்தைச் சுண்டிப் போடுவது போன்றது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான்கு பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் இருவருக்கு வரும் என்று கணக்குப் போடக் கூடாது. நால்வரும் தப்பலாம்; நால்வரும் பெறலாம். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற வேறுபாடும் இல்லை. நமது கதையில் தந்தை நோயின்றி இருந்தும் மகளுக்குக் கொடுத்தது இவ்வாறுதான். மார்புப் புற்று தாய் வழியில்தான் வரும் என்று எண்ணித் தந்தை வழியைக் கேளாமல் விடுவது நம்மவர் செய்யும் பெரும்பிழை. சில வேளைகளில் ஆண்களுக்கும் மார்பில் புற்று வரும். விந்துச் சுரப்பி எனப்படும் புராஸ்டேட்டிலும் கணையத்திலும் வருவதும் உண்டு.

சொந்தத்தில் மணம் முடித்ததால் வந்த வினை என்று சிலர் கூறுவர். மாமன் மகளை மணப்பதால் சில வகைப் பிறவி நோய்கள் மிகுதியாகலாம் என்பது உண்மையே. ஆனால் நாம் இங்கே பேசும் மார்பு, சினைப்பைப் புற்றுக்கு அது காரணம் அன்று. பழுதான பிரதி ஒன்றே போதும். அயலில் மணம் முடித்தாலும் அது தன் வழியே இறங்கும்.

தையற்காரியின் சொல்

இந்த அறிவு உலகுக்கு வந்த வரலாறும் சுவையானது. 1866-ஆம் ஆண்டில் இரு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று, புரூன் நகரத்து அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல், தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்ட மரபு விதிகள். மற்றொன்று, பாரிஸ் நகரத்து அறுவை மருத்துவர் பால் புரோக்கா எழுதிய கட்டிகள் பற்றிய நூல். அதில் அவர் தம் மனைவியின் குடும்பத்திலே தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் மார்புப் புற்றால் மடிந்ததை அட்டவணையாகவே வெளியிட்டார். ஒருவர் விதியைக் கண்டார்; ஒருவர் வீட்டைக் கண்டார். இரண்டும் ஒன்றோடொன்று சேர நெடுங்காலம் ஆயிற்று.

1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் ஆல்டிரெட் வார்த்தின் என்னும் மருத்துவப் பேராசிரியர், தமக்கு அறிமுகமான தையற்காரப் பெண் ஒருத்தி வாடியிருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். தன் குடும்பத்தார் பலரும் குடலிலும் கருப்பையிலும் புற்று வந்து இறந்தவர்கள் என்றும், தானும் இளவயதிலேயே அவ்வாறு இறப்பது உறுதி என்றும் அவள் கூறினாள். அவள் சொன்னபடியே ஆயிற்று. வார்த்தின் அச்சொல்லை மூடநம்பிக்கை என்று ஒதுக்கவில்லை. அக்குடும்பத்தின் கிளைகளைத் தேடித் தேடி எழுதி 1913-இல் வெளியிட்டார். 1966-இல் ஹென்றி லின்ச் என்னும் மருத்துவர் இத்தகைய குடும்பங்களை மேலும் ஆராய்ந்தார். இன்று அந்நோய் 'லின்ச் சிண்ட்ரோம்' என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தத் தையற்காரியின் வழிவந்தோரிடம் பழுதான மரபணு எது என்பது 2000-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ஓர் ஏழைப் பெண் தன் வீட்டுத் துயரை வாய்திறந்து சொன்னாள். அதைப் பொறுமையாகக் கேட்க ஒருவர் இருந்தார். நூறாண்டுக்குப் பின் எண்ணற்ற குடும்பங்கள் அதனால் பயன் பெறுகின்றன.

மார்புப் புற்றைப் பொறுத்தமட்டில், அதற்குரிய மரபணு ஒன்று 17-ஆம் குரோமோசோமில் உள்ளது என்று 1990-இல் மேரி கிளேர் கிங் என்னும் பெண் விஞ்ஞானி நிலைநாட்டினார். பி.ஆர்.சி.ஏ. 1 எனப்படும் அந்த மரபணு 1994-இலும், பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் அதன் இணை 1995-இலும் பிரித்தறியப்பட்டன. நம் தமிழ்நாடும் இதில் பின்தங்கி நிற்கவில்லை. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வாளர்கள், தென்னிந்தியக் குடும்பங்களில் இம்மரபணுக்களின் பழுதுகளை ஆராய்ந்து 2003-ஆம் ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டனர்.

ஆலோசகர் செய்யும் பணி

மரபியல் ஆலோசனை என்ற பெயர் 1947-இல் ஷெல்டன் ரீட் என்னும் அமெரிக்கர் சூட்டியது. அதற்கெனத் தனிப் பட்டப்படிப்பு அந்நாட்டில் 1969-இல் தொடங்கிற்று. நம் நாட்டில் இப்படிப்பைக் கற்றவர்கள் இன்னும் மிகச் சிலரே. பல மருத்துவமனைகளில் மரபியல் மருத்துவரோ, பயிற்சி பெற்ற புற்றுநோய் மருத்துவரோ இப்பணியைச் செய்கிறார்கள்.

ஆலோசகர் நோய்க்கு மருந்து தருபவர் அல்லர். குடும்ப வரலாற்றைக் கேட்டு வரைவதும், பரிசோதனை தேவையா என்று ஆராய்வதும், தேவையெனில் அதனால் வரும் நன்மை தீமைகளை முன்னதாகவே விளக்குவதும், விடை வந்தபின் அதன் பொருளை எளிய சொற்களில் உணர்த்துவதும், உறவினர்க்கு எப்படிச் சொல்வது என்று வழிகாட்டுவதும் அவர் கடமைகள். "இதைச் செய்" என்று அவர் கட்டளையிட மாட்டார். முடிவு நோயாளியுடையது. அவர் கேட்டறிந்த செய்தியை நோயாளியின் இசைவின்றி மாமியாருக்கும் சொல்லார், மகனுக்கும் சொல்லார்.

பரிசோதனை என்பது சிறிதளவு இரத்தம் எடுப்பதே. விடை வரச் சில வாரங்கள் ஆகும். ஆயிரக்கணக்கில் செலவு ஆகக்கூடியது. இடத்துக்கு இடம் வேறுபடும். ஆதலால் முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கூடுமானவரை, குடும்பத்தில் நோயுற்றவரையே முதலில் சோதிப்பது முறை. அவரிடம் பழுது எங்கே உள்ளது என்று தெரிந்துவிட்டால், மற்ற உறவினரிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும்; செலவும் குறையும்.

வரக்கூடிய விடைகள் மூன்று. முதலாவது, கேடு தரும் பழுது உண்டு என்பது. இரண்டாவது, இல்லை என்பது. குடும்பத்தில் பழுது இன்னதென்று ஏற்கெனவே தெரிந்திருந்து, அது ஒருவரிடம் இல்லையென்றால் அவரும் அவர் பிள்ளைகளும் அந்த வழியில் வரும் தனி ஆபத்தினின்று விடுபட்டவர்கள். மூன்றாவது, மாற்றம் ஒன்று காணப்படுகிறது, ஆனால் அது தீயதா அன்றா என்று இன்னும் உறுதியாகவில்லை என்பது. மேலை நாட்டாரிடம் செய்த ஆராய்ச்சிகளே மிகுதி என்பதால், நம்மவர்க்கு இந்த மூன்றாவது விடை சற்று அதிகமாகவே வருகிறது. இதைக் கண்டு கலங்கி அறுவை சிகிச்சைக்கு ஓடக் கூடாது. சில ஆண்டுகளுக்குப் பின் தெளிவு பிறக்கலாம். விளக்கிச் சொல்ல ஆலோசகர் இல்லாமல் வெறும் தாளை மட்டும் கையில் வாங்குவோர் திகைத்து நிற்பது இங்கேதான்.

தெரிந்த பின் செய்வதென்ன?

"தெரிந்தால் கவலைதான் மிஞ்சும். தெரியாமலே இருந்துவிடலாமே!" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். செய்வதற்கு ஒன்றுமில்லை என்றால் அறியாமையே நலம் எனலாம். ஆனால் இன்று செய்வதற்குப் பல உள்ளன.

மேலை நாட்டுக் குடும்பங்களில் கண்ட கணக்குப்படி, பி.ஆர்.சி.ஏ. பழுதுடைய பெண்கள் நூற்றுவரில் 60 அல்லது 70 பேருக்கு வாழ்நாளில் மார்புப் புற்று வரக்கூடும். பி.ஆர்.சி.ஏ. 1 எனில் ஏறத்தாழ 40 பேருக்குச் சினைப்பையிலும் வரக்கூடும். இத்தகையோர்க்கு 25 வயது முதல் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. படமும், 30 வயது முதல் மாமோகிராம் படமும் எடுக்குமாறு மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. சினைப்பைப் புற்றை முன்னதாகக் காட்டும் நம்பகமான சோதனை இல்லை. எனவே, பிள்ளைப்பேறு முடிந்தபின், பழுதின் வகைக்கேற்ப 35 முதல் 45 வயதுக்குள் சினைப்பைகளையும் அவற்றின் குழாய்களையும் அகற்றிவிடுவது பரிந்துரைக்கப்படுகிறது. இது பெரிய முடிவு. கணவனும் மனைவியும் கூடிப் பேசி, மருத்துவரிடமும், மனச்சான்றில் ஐயம் எழுந்தால் பங்குத் தந்தையிடமும் கலந்து, அவசரமின்றி எடுக்க வேண்டிய முடிவு.

லின்ச் சிண்ட்ரோம் உடைய குடும்பத்தினர் 20 அல்லது 25 வயது முதல் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பெருங்குடலைக் குழாய்க் கருவியால் பார்த்துக்கொண்டால், புற்றாக மாறும் முன்பே சிறு முளைகளை அகற்றிவிடலாம். குழந்தையின் கண்மணியில் பூனைக்கண் போல வெண்ணொளி தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அது விழித்திரைப் புற்றின் அடையாளமாக இருக்கலாம். பெற்றோருள் ஒருவருக்குச் சிறு வயதில் அந்நோய் இருந்திருந்தால், பிள்ளையைப் பிறந்தவுடனேயே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோயுற்றவர்க்கும் பயன் உண்டு. பி.ஆர்.சி.ஏ. பழுதுள்ள புற்றுக்கென்றே ஓலாபரிப் போன்ற மாத்திரைகள் இன்று வழங்கப்படுகின்றன.

நமது கதைக்குத் திரும்புவோம். தாய்க்குப் பழுது உண்டு என்று தெரியவந்தது. அவர் தங்கைக்கு வயது 35, நோயேதும் இல்லை, ஆனால் அவரிடமும் பழுது இருந்தது. ஆண்டுதோறும் படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். அண்ணனிடம் பழுது இல்லை. அவருடைய இரு பெண்மக்களைப் பற்றிய அச்சம் அன்றே நீங்கிற்று. 20 வயது மகளோ, "இன்னும் சில ஆண்டு கழித்துச் சோதித்துக்கொள்கிறேன் அம்மா" என்றாள். ஆலோசகர் அதையும் ஏற்றுக்கொண்டார். வயது வந்தபின் வரும் நோய்களுக்காகச் சிறு பிள்ளைகளைச் சோதிப்பதில்லை. வளர்ந்து, தாமே அறிந்து முடிவெடுப்பது அவர்கள் உரிமை.

"என் இரத்தம்தானே காரணம்?"

இனி, கடினமான பகுதிக்கு வருவோம். அந்த முதிய தந்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள். "என் மகளுக்கு நானா இதைக் கொடுத்தேன்?" என்று அவர் திண்ணையில் அமர்ந்து கண்ணீர் விடுகிறார். பழுது இல்லாத அண்ணனுக்கும் ஒரு குற்ற உணர்வு: "தங்கைகள் இருவருக்கும் இருக்க, நான் மட்டும் தப்பினேனே!" ஆலோசகர்கள் நாள்தோறும் கேட்கும் புலம்பல்கள் இவை. மருத்துவ விளக்கத்தைவிட இந்தப் புண்ணுக்கு மருந்திடுவதில்தான் அவர்கள் பெரும்பொழுது செல்கிறது.

அருளப்பர் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம், இவனதா, இவனைப் பெற்றோரதா என்று வினவுகின்றனர். இருவரது பாவமும் அன்று என்பதே ஆண்டவர் விடை. பரம்பரை நோய் யாருடைய பாவத்துக்கும் தண்டனை அன்று. குடும்பச் சாபமும் அன்று. தலைமுடியின் நிறத்தையும் மூக்கின் வடிவையும் எவ்வாறு தாம் அறியாமலே கொடுத்தாரோ, அவ்வாறே தந்தை இதையும் கொடுத்தார். அவர் மனமறிந்து கொடுக்கக்கூடியது ஒன்று உண்டு. அது உண்மை. தம் தாயும் தங்கையும் எப்படி இறந்தார்கள் என்று அவர் வாய்திறந்து சொன்னதால் இளைய மகள் காப்பாற்றப்படும் வழி பிறந்தது. முன்னரே சொல்லியிருந்தால் மூத்த மகளுக்கும் அவ்வழி திறந்திருக்குமே!

திருமணப் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வருவோர் மரபணுச் சோதனைச் சீட்டைக் கேட்பதும், அதைக் காட்டிப் பேரம் பேசுவதும் கொடுமை. பழுதான மரபணு நோய் அன்று. நோய் வரலாம் என்னும் எச்சரிக்கை மட்டுமே. அதை உடைய பெண்கள் மணம் புரிந்து, மக்களைப் பெற்று, நீண்டநாள் வாழ்கிறார்கள். இத்தகைய குடும்பத்தைப் பார்த்து ஊரார் முகம் திருப்பினால், அக்குடும்பம் மீண்டும் மௌனத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அதன் பழி நம்மையே சாரும்.

நாம் செய்ய வேண்டியவை

எந்தக் குடும்பம் ஆலோசகரை நாட வேண்டும்? 50 வயதுக்குள் ஒருவருக்கு மார்பிலோ பெருங்குடலிலோ புற்று வந்திருந்தால்; இரு மார்பிலும் வந்திருந்தால்; ஒரே வழியில் நெருங்கிய உறவினர் இருவர் மூவருக்கு மார்பு, சினைப்பை, குடல், கருப்பை ஆகியவற்றில் வந்திருந்தால்; ஆண் ஒருவருக்கு மார்பில் வந்திருந்தால்; எந்த வயதிலாயினும் ஒரு பெண்ணுக்குச் சினைப்பையில் வந்திருந்தால் கேட்டறிவது நலம்.

இதற்காக முதல் நாளே சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, புதுச்சேரி ஜிப்மரிலோ சிகிச்சை தரும் மருத்துவரிடம், "எங்கள் குடும்பத்தில் இப்படி இருக்கிறது, மரபியல் ஆலோசனை தேவையா?" என்று கேளுங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அனுப்ப வேண்டுமா என்பதை அவர் சொல்வார். போகும்போது கையில் ஒரு தாள் இருக்கட்டும். தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் மூன்று தலைமுறை. யாருக்கு எந்த உறுப்பில், எந்த வயதில் நோய் கண்டது. பழைய மருத்துவச் சீட்டுகள் இருந்தால் அவையும். வயது நினைவில்லையா? ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகிய பதிவேடுகளைப் பங்குக் கோவில்கள் பேணி வருகின்றன. வேறு குடும்பங்களுக்குக் கிட்டாத செல்வம் இது. கன்னியர் மடங்களிலும் குருமடங்களிலும் வாழ்வோரும் தம் குடும்ப நோய்களை அறிந்து வைத்திருக்கட்டும். துறவு பூண்டாலும் மரபணு உடன் வரத்தான் செய்யும்.

1923-ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரை அவர் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. நாடறியச் சொன்னார், ஆண்டுக்கணக்கில் போராடினார். 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிற்று. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தனர். ஒரு வீட்டின் துயரம் வெளியில் சொல்லப்பட்டதால் எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் நின்றது!

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று நாம் குடும்பத்தோடு கல்லறைத் தோட்டத்துக்குச் செல்கிறோம். புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மலர் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றி, இறந்தோருக்காகச் செபிக்கிறோம். இவ்வாண்டு செபம் முடிந்ததும் சற்று நேரம் அங்கேயே அமர்ந்து, வீட்டில் மூத்தவரிடம் அன்போடு கேளுங்கள்: "அத்தைக்கு என்ன நோய்? அப்போது அவர்களுக்கு என்ன வயது?" அவர் சொல்லத் தயங்கினால் அவசரப்படுத்த வேண்டாம். கையைப் பற்றிக்கொண்டு காத்திருங்கள். சொன்னதை எழுதி, குடும்ப வேதாகமத்தினுள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேத்திக்கு அது தேவைப்படலாம்.